பாபர் நாமாவில் சுவையும் சொல்லும்

திருமண விருந்தொன்றில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோம். உண்டு முடித்துக் கைகழுவி வருகையில், விருந்தளித்தவர் எதிரே வந்து, "சாப்பாடு எப்படி?" என்று வினவுகிறார். "மிகவும் நன்றாக இருந்தது" என்கிறோம். கறியில் உப்புக் கூடியிருந்தாலும் அதே விடைதான். நாவை விட்டு நீங்காத சுவையாக இருந்தாலும் அதே விடைதான். விருந்தோம்புவாரின் மனம் நோகாதிருக்க இது நல்ல வழக்கமே. ஆயின், பந்தியில் பழகிய இந்த விடையை நாம் எல்லா இடங்களுக்கும் கொண்டு சென்றுவிட்டோம். நண்பரின் கவிதைக்கும் அதுதான். இசை நிகழ்ச்சிக்கும் அதுதான். நூல் மதிப்புரைக்கும் அதுதான். இதனால் நமக்கு உண்மையில் எது பிடிக்கிறது என்பதைப் பிறர் அறிவதில்லை. நாளடைவில் நாமும் அறியாதவர்களாகி விடுகிறோம்.

தமக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒளிக்காமல் எழுதி வைத்த ஒருவரின் நூலை இவ்வகையில் எண்ணிப் பார்ப்பது பயனுடையது. முகலாய அரசை நிறுவிய ஸஹீருத்தீன் முஹம்மது பாபர் எழுதிய 'பாபர் நாமா'வையே குறிப்பிடுகிறோம். 1483ஆம் ஆண்டில் அந்திஜானில் பிறந்து, 1494ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வயதை எட்டுமுன்பே பர்கானாவின் ஆட்சியேற்று, 1504இல் காபூலையும் 1526இல் பானிபட் போரின் வாயிலாகத் தில்லியையும் ஆக்ராவையும் வென்று, 1530இல் ஆக்ராவில் மறைந்தவர் அவர். தம் வரலாற்றை அக்காலப் புலவர் பெரிதும் போற்றிய பார்ஸியில் எழுதாமல், தாய்மொழியாகிய சகதாய் துருக்கியில் எழுதினார். பின்னர் அக்பரின் காலத்தில் அப்துர் ரஹீம் கான் கானான் அதனைப் பார்ஸியில் பெயர்த்தார். நூலின் இடையே பல ஆண்டுகளுக்குரிய பகுதிகள் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதிகளைப் படிப்போர் போர்களைத் தேடித்தான் செல்கின்றனர். ஆனால் அவர்களின் நினைவில் நிற்பவை பெரும்பாலும் பழங்களே.

நூலின் தொடக்கமே பர்கானாவின் ஊர்களைப் பற்றியது. ஒவ்வோர் ஊரையும் அதன் கோட்டையாலும் நீராலும் அறிமுகம் செய்பவர், உடனே அதன் கனியையும் கூறிவிடுகிறார். மர்கினான் ஊரின் மாதுளையில் ஒருவகையின் இனிப்பினூடே சர்க்கரை பாதாமியின் மணம் இழையோடுகிறது என்கிறார். அவ்வூரார் சர்க்கரை பாதாமியின் கொட்டையை நீக்கி, அவ்விடத்தில் பாதாம் பருப்பை வைத்து உலர்த்துவதையும், அதற்கு 'சுப்ஹானி' என்று பெயரிட்டிருப்பதையும் குறிக்கிறார். அக்ஸி நகரின் முலாம்பழத்தை உலகில் ஒப்பற்றது என்று அவர் போற்றுமிடம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் புகாராவின் முலாம்பழமே பெயர் பெற்றது. ஸமர்கந்தை வென்றபோது அவர் இரண்டு ஊர்களிலிருந்தும் பழங்களைத் தருவித்து, ஒரே விருந்தில் அறுக்கச் செய்து, உண்டு பார்த்த பின்னரே அக்ஸியின் பழத்துக்கு ஈடில்லை என்று முடிவு கூறுகிறார். பிறந்த மண்ணின் பழம் என்னும் பற்று அவருக்கு இருந்தது உண்மையே. எனினும் பற்றை மட்டும் சான்றாக வைக்க அவர் ஒப்பவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இலக்கியத் திறனாய்வு என்று நாம் இன்று கூறுவதன் முதற்படி இதுவன்றோ?

பழத்துக்குப் பயன்பட்ட இக்கண்ணும் நாவும் கலைகளிடத்தும் அவ்வாறே செயற்படுகின்றன. ஹிராத் நகரின் அறிஞர்களைப் பற்றி எழுதுகையில், அலீ ஷேர் நவாயீயைப் போலத் துருக்கியில் மிகுதியாகவும் சிறப்பாகவும் பாடியவர் எவருமில்லை என்று மனமாரப் போற்றுகிறார். அடுத்தபடியாக, அப்பெரும் புலவரின் யாப்பு நூலில் ருபாயியின் இருபத்து நான்கு யாப்பு வகைகளில் நான்கு பிழைபட்டுள்ளன என்று எண்ணிக்கை கூறிக் காட்டுகிறார். ஓவியர் பிஹ்ஸாதின் கைத்திறம் நுட்பமானது என்கிறார்; ஆயின் தாடியற்ற முகங்களில் மோவாயின் கீழ்ப்பகுதியை மிகைப்படுத்திக் கெடுத்து விடுகிறார் என்றும், தாடியுள்ள முகங்களை நன்றாக வரைகிறார் என்றும் பிரித்துரைக்கிறார். 'அருமை' என்ற ஒரு சொல்லோடு நின்றிருந்தால் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நமக்கு இவற்றுள் எதுவும் கிடைத்திராது. எது அருமை, எந்த இடத்தில் அருமை, எந்த இடத்தில் இல்லை என்று கூறியமையாலேயே அவருடைய புகழ்ச்சிக்கும் மதிப்பு உண்டாகிறது.

ஹிராத்தில் அவர் விருந்தினராக இருந்த 1506ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இரண்டு நம் பொருளுக்கு மிகவும் அணுக்கமானவை. ஒரு விருந்தில் அவர் முன் வறுத்த வாத்து வைக்கப்படுகிறது. அதனை அறுத்து உண்ணும் முறை அவருக்குத் தெரியாது. கை வைக்காமல் இருக்கிறார். விருந்தளித்த பதீஉஸ் ஸமான் மிர்ஸா, "பிடிக்கவில்லையா?" எனும் பொருள்படக் கேட்கிறார். அறுக்கத் தெரியாது என்று பாபர் உண்மையைக் கூறிவிட, மிர்ஸா தம் கையாலேயே துண்டுகளாக்கி அவர் முன் வைக்கிறார். காபூலின் அரசர் தம் அறியாமையை மறைத்து, "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாத்தின் சுவையையும் மிர்ஸாவின் அன்பையும் ஒருங்கே இழந்திருப்பார்.

மற்றொன்று இசை பற்றியது. ஹிராத்தின் பாடகர் ஹாபிஸ் ஹாஜி, அந்நகரின் முறைப்படி மென்மையாகவும் சுருதி தவறாமலும் பாடுகிறார். பின்னர், பாபரின் மாற்றாந்தாய்த் தம்பி ஜஹாங்கீர் மிர்ஸா தம்முடன் வந்த ஸமர்கந்துப் பாடகரைப் பாடப் பணிக்கிறார். அவரோ உரத்த குரலில் கரடுமுரடாகச் சுருதி பிசகிப் பாடுகிறார். நாகரிகம் மிக்க குராஸானியருள் ஒருவர் காதைப் பொத்திக் கொள்கிறார்; இன்னொருவர் முகம் சுளிக்கிறார்; ஆயினும் மிர்ஸாவின் முகத்துக்காக ஒருவரும் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இக்காட்சியைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது. உடனே சற்று வெட்கமும் வருகிறது. ஒலிபெருக்கி கட்டிய நம் விழாக்களில் நாமும் அந்தக் குராஸானியரைப் போல எத்தனை முறை அமர்ந்திருக்கிறோம்!

இனி, நூலின் குறைக்கு வருவோம். ஹிந்துஸ்தானைப் பற்றிப் பாபர் எழுதிய பழிப்புரை பெயர் பெற்றது. நல்ல தோழமை இல்லை, நல்ல குதிரை இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை, கடைவீதியில் நல்ல ரொட்டி இல்லை, வெந்நீர்க் குளியலகம் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை என்று 'இல்லை'களை அடுக்கிச் செல்கிறார். பிஹ்ஸாதின் மோவாய்க் கோட்டைக் கண்டறிந்த கண் இங்கே எங்கே போயிற்று? தமக்குப் பழகிய பொருள்கள் இல்லை என்பதையே நாட்டின் குற்றமாக்கி விடுகிறார். புதிதாக வந்த ஓரிரு ஆண்டுகளில், மொழியறியாத மக்களின் தோழமையை அளந்துவிட்டதாக எண்ணியதும் பிழையே. தோழமை இல்லை என்று எழுதியவர், எவருடைய இல்லத்தில் அமர்ந்து பேசிப் பார்த்த பின் அவ்வாறு எழுதினார் என்பதைக் கூறவில்லை. முலாம்பழத்துக்கு அளித்த நடுவர் நெறியை மனிதருக்கு அவர் அளிக்கவில்லை.

ஆனால் அதே பகுதியில், இந்நாட்டுப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்து உண்டு பார்த்த இடங்களில் எல்லாம் அவருடைய உரை மாறிவிடுகிறது. மாம்பழத்தைச் சிலர் முலாம்பழத்துக்கு அடுத்த இடத்தில் வைக்கின்றனர். அத்தனை புகழ்ச்சிக்கு அது உரியதன்று என்கிறார். ஆயினும் நல்ல மாம்பழம் உண்மையிலேயே நல்லதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். பிசைந்து ஓர் ஓரத்தில் துளையிட்டு உறிஞ்சுவதையும், தோல் சீவி உண்பதையும், காயின் பக்குவத்தையும் விவரிக்கிறார். பலாப்பழம் அவருக்குத் திகட்டுகிறது; அதன் தோற்றம் ஆட்டின் இரைப்பையை நினைவூட்டுகிறது. தேங்காயின் சிரட்டையில் அகப்பையும், பெரியதாயின் இசைக்கருவியின் குடமும் செய்கின்றனர் என்று குறிக்கிறார். தாழம்பூவின் மணம் அவரை ஈர்த்துவிடுகிறது. மேலும் மழைக்காலக் காற்று இனியது என்றும், எத்தொழிலுக்கும் எண்ணற்ற கைவினைஞர் உள்ளனர் என்றும் எழுதுகிறார். பலாவை அவர் பழித்ததற்காக நமக்குச் சினம் எழவில்லை. சுவைத்துப் பார்த்தவரின் பழிப்பு அது. சுவைக்காமல் எழுதிய 'இல்லை'கள்தாம் உறுத்துகின்றன.

உணவைக் குறை கூறலாகாது என்பது நபிவழியாயிற்றே எனச் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், பெருமானார் (ஸல்) எந்த உணவையும் பழித்ததில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. ஆனால் தங்கள் விருப்பத்தை அவர்கள் மறைத்ததுமில்லை. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி உண்டார்கள். அதனைக் கண்ட அனஸ் (ரலி) அவர்களுக்கு அன்று முதல் சுரைக்காய் விருப்பமாயிற்று. உடும்புக் கறி வைக்கப்பட்டபோதோ, தங்கள் ஊரில் அது இல்லாமையால் தங்கள் மனம் ஏற்கவில்லை என்று காரணத்துடன் கூறிக் கையை எடுத்துக் கொண்டார்கள். அது விலக்கப்பட்டதன்று என்பதையும் தெளிவாக்கினார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் முன்னிலையிலேயே அதனை உண்டார்கள். தமக்குப் பிடிக்காமைக்குத் தம் ஊர்ப்பழக்கமே காரணம் என்று உணர்ந்து கூறும் இத்தெளிவு, ஹிந்துஸ்தானைப் பற்றி எழுதுகையில் பாபருக்கு வாய்க்கவில்லை.

பின்னர் அத்தெளிவு ஒருவகையில் அவருக்கும் வந்ததென்றே நாம் கருதுகிறோம். 1529ஆம் ஆண்டு பிப்ரவரியில், காபூலில் இருந்த நண்பர் காஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில், அண்மையில் தமக்கு ஒரு முலாம்பழம் கொண்டுவரப்பட்டதையும், அதனை அறுத்து உண்கையில் அழுதுவிட்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். இந்த ஒரு செய்தி முன்னர்க் கண்ட பட்டியலுக்கு உரை எழுதிவிடுகிறது. அவர் ஹிந்துஸ்தானத்தில் தேடியது பழத்தையன்று. திரும்பிச் செல்ல இயலாத ஊரை. 'இந்நாட்டில் இது இல்லை' என்று எழுதியபோது பழிப்பாக ஒலித்தது, 'நான் அழுதுவிட்டேன்' என்று எழுதியபோது உண்மையாகிவிட்டது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பின்னர் வளைகுடாவுக்கும் சபர் சென்றவர்களின் குடும்பங்களில் வளர்ந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அழுததோடு அவர் நிற்கவும் இல்லை. முன்னர் காபூல் பகுதித் தோட்டங்களில் வாழையும் கரும்பும் நட்டு, அக்கரும்பைப் புகாராவுக்கும் பதக்ஷானுக்கும் அனுப்பியவர் அவர். அவ்வாறே ஆக்ராவின் தோட்டத்தில் திராட்சைக் கொடியை நடுவித்தார். பல்கு நாட்டுத் தோட்டக்காரர் ஒருவரைக் கொண்டு முலாம்பழம் விளைவித்தார். 1529இன் கோடையில் இரண்டும் பலன் தந்தபோது, ஹிந்துஸ்தானத்திலும் இவை இவ்வாறு விளைகின்றனவே என்று மனநிறைவு கொள்கிறார். 'இல்லை' என்று எழுதிய அதே கை 'உண்டு' என்றும் எழுதி வைத்தது.

நூலில் மற்றுமொரு குறையையும் சுட்டாமல் இருக்க இயலவில்லை. பாட்டியார் ஈஸான் தௌலத் பேகத்தின் அறிவுக் கூர்மையைப் பாபர் போற்றுகிறார். தாயார் குத்லுக் நிகார் கானம் தம் அலைச்சல்களில் பெரும்பாலும் உடனிருந்ததைக் கூறுகிறார். அத்தனை ஊர்களின் பழங்களையும் எழுதியவர், அத்தாயார் எப்பழத்தை விரும்பி உண்டார் என்பதை எழுதவில்லை.

இக்குறையைச் சுட்ட நமக்கு என்ன தகுதி உண்டு என்பதையும் கூறிவிடுகிறோம். நம் தாயார் மறைந்த பின், நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அவருக்குப் பிடித்த பண்டத்தைச் செய்ய வேண்டும் என்று உடன்பிறந்தோர் ஐவரும் கூடிப் பேசினோம். ஒருவர் வட்டிலப்பம் என்றார். ஒருவர் இடியப்பமும் கறி ஆணமும் என்றார். நாம் நெய்ச்சோறு என்றோம். சற்று நேரத்தில்தான் விளங்கியது: ஒவ்வொருவரும் கூறியது தத்தமக்காக உம்மா சமைத்துத் தந்த பண்டத்தை. கேட்டுக் கொண்டிருந்த சாச்சி, "உங்க உம்மாவுக்கு உசிரே நெத்திலிக் கருவாட்டு ஆணந்தான். உங்க வாப்பாவுக்கு அந்த வாடை ஆகாது. கட்டி வந்த நாளிலிருந்து அவ அதை ஆக்கவே இல்லை" என்றார். ஐவரும் வாயடைத்துப் போனோம். பண்டம் எதுவாயினும் நன்றாக இருக்கிறது என்றே உம்மாவும் கூறி வந்தார். நாமும் கூறி வந்தோம்.

எனவே இவ்விதழின் வாசகக் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மிக எளியது. பாபர் நாமா தமிழிலும் வெளிவந்துள்ளது. நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள். படித்தபின், அதில் எந்தப் பகுதி பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்பதை வீட்டில் பேசுங்கள். எந்தப் பாட்டு பிடிக்கும், எந்த ஆணம் பிடிக்கும் என்று பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது, அடுப்படியில் நிற்பவரையும் அழைத்து உட்கார வைத்து, அவரிடமும் கேளுங்கள். "எதுவானாலும் எனக்குச் சரிதான்" என்று அவர் கூறினால், அதனை விடையாக ஏற்க வேண்டாம், மறுபடியும் கேளுங்கள்.