எழுபது தப்படிச் சட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்து பார்த்தேன். என் நடைக்கு எழுபது தப்படியில் ஐம்பது மீட்டர் முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு பெட்டிக்கடை, ஒரு பேக்கரி, மரத்தடியில் ஓர் ஆச்சியின் கூடை. இன்னும் பத்துத் தப்படி வைத்தால் நிறுத்தம். அதை ஒட்டி மூன்று கடைகள், கடைவாசலில் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன, கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் பாட்டில்கள் வியர்த்து நிற்கின்றன. சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலில் நிற்பதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். கையில் இருக்கும் காசு அங்கேதான் செலவாகிறது.

அந்த ஐம்பது மீட்டர் சட்டம் கிழித்த கோடு. உப்பும் சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலில் இருந்து எந்தத் திசையிலும் ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்தது. 2020 செப்டம்பரில் அரசிதழில் வந்தது. 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதற்கான அறிவிப்புப் பலகையை வாசலில் வைப்பது பள்ளியின் கடமை. இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டு, பள்ளியைச் சுற்றி 500 கெஜத்துக்குள் இவற்றின் விற்பனையைத் தடுக்கும்படி கேட்டார்கள். பத்தாண்டு இழுபறியில் 500 கெஜம் 50 மீட்டராகச் சுருங்கியது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜம் வரை விற்பனையைத் தடுக்கிறது. பீடிக்கு விட்ட இடைவெளியில் பாதியைத்தான் சர்க்கரைக்கு விட்டிருக்கிறோம்.

விதியே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். வீட்டிலேயே கலர் வாங்கிக் கொடுக்கிறார்கள், பள்ளிவாசலில் மட்டும் தடுத்து என்ன பயன் என்பது ஒன்று. எந்தப் பண்டமும் தன்னளவில் கெட்டது அல்ல, அளவுதான் கெட்டது என்பது இன்னொன்று. முதல் வாதம் நிற்காது. வீட்டில் என்ன கொடுப்பது என்பது பெற்றோர் பாடு. பள்ளிக்கோ நாமே பிள்ளையைக் கட்டாயமாக அனுப்புகிறோம். அங்கே மதியச் சோற்றோடு முட்டையும் போடுகிறோம். 2022 செப்டம்பரில் இருந்து தொடக்கப் பள்ளிகளில் காலையில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் போடுகிறோம். அவ்வளவு செலவில் உள்ளே கட்டி எழுப்புவதை வாசலில் பத்து ரூபாய்க்குக் கரைய விடுவதற்கு நியாயம் இல்லை. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், வளரிளம் பருவத்தினரில் பத்தில் ஒருவர் நீரிழிவின் முன்படியில் நின்றார். நான்கில் ஒருவருக்கு மேல் ரத்தசோகை. சத்துக் குறைவும் சர்க்கரை மிகுதியும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே விதி வேண்டும்.

இரண்டாவது வாதத்துக்கு விதியிடமே பதில் இல்லை என்பதுதான் என் குறை. அளவுதான் கெட்டது என்றால், எந்த அளவு? 'அதிகம்' என்ற சொல்லைப் போட்ட விதி, எத்தனை கிராமுக்கு மேல் போனால் அதிகம் என்று தன் வாயால் சொல்லவில்லை. லேபிள் விதியைப் பார் என்று கைகாட்டுகிறது. பாக்கெட்டின் முகப்பில் என்ன அச்சிடுவது என்பதற்கு 2022-இல் நட்சத்திரக் குறியோடு ஒரு வரைவு வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தபோதும் அது வரைவாகவே கிடந்தது.

எண் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் கூடையில் கீறி வைத்த கிளிமூக்கு மாங்காய், உப்பு மிளகாய்ப்பொடி, அவித்த கடலை, பருவத்துக்குக் கொடுக்காப்புளி. "ஆபீசருங்க யாரும் வருவாங்களா ஆச்சி?" என்றேன். "வருவாவ தம்பி. கூடையத் தூக்குன்னு சொல்லுவாவ. நானும் தூக்கிட்டு அந்தால போயி நிப்பேன். கடையத் தூக்க முடியுமா? அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாவ." பேசிக்கொண்டே ஒரு கீற்று மாங்காயில் பொடியைத் தடவி ஒரு சிறுமிக்கு நீட்டினார். அந்தக் கூடையில் உறைப்பும் உப்பும் கொஞ்சம் கூடுதல், உண்மைதான். மூடி வைக்காத பண்டம், கை சுத்தம் என்ற கேள்விகளும் உண்டு. ஆனால் சட்டத்தின் கண்ணில் எது கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்தது, எது இல்லை என்று காட்ட அதிகாரி கையில் அளவுகோல் இல்லாதபோது, தூக்க முடிந்தது எதுவோ அதுதான் தூக்கப்படும்.

சிலி நாடு இந்த இடத்தில்தான் வேறு வழியில் போனது. 2016-இல் நடப்புக்கு வந்த அவர்களுடைய சட்டம் படிப்படியாக இறுக்கி, கடைசியில் இந்த எல்லையில் நின்றது: சர்க்கரை சேர்த்த பானமானால் 100 மில்லிக்கு 5 கிராம், தின்பண்டமானால் 100 கிராமுக்கு 10 கிராம். தாண்டினால் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த பண்டம் பள்ளிக்குள் போகக் கூடாது. முதல் ஒன்றரை ஆண்டில் முத்திரை பெறும் பானங்களின் கொள்முதல் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. லேபிள், விளம்பரக் கட்டுப்பாடு, பள்ளித் தடை மூன்றும் சேர்ந்து வந்ததால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே எண் இருந்தது. இலங்கையும் அதே 2016-இல் பானங்களுக்கு வண்ணக் குறி கொண்டுவந்தது. தொடக்கத்தில் 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் போனால்தான் சிவப்பு. நம் கடைகளில் விற்கும் கோலாவில் பத்தரை கிராம் வாக்கில் சர்க்கரை. அந்தக் கணக்கில் அதற்கு மஞ்சள்தான் கிடைக்கும். எண் இருந்தால் மட்டும் போதாது, அதை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே சட்டத்தின் உயிர் இருக்கிறது.

சிலியின் எண்ணை அப்படியே கொண்டுவந்து திருநெல்வேலியில் வைத்தால் ஒரு சங்கடம் வரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. தாமிரபரணித் தண்ணீரில் பாகு காய்ச்சுவதால்தான் அந்த ருசி என்பார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெல்லம், அதாவது சர்க்கரை. 100 கிராமுக்கு 10 கிராம் என்ற எல்லையைப் போல மூன்று மடங்கு. கறுப்பு முத்திரை நிச்சயம். நம் ஊர்ப் பண்டம் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. வெல்லம் உடம்புக்குள் போனால் சர்க்கரையின் வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு பிள்ளை சாப்பிடுவது 100 கிராம் அல்ல, 25 கிராம் துண்டு. அதில் எட்டு கிராம் வெல்லம். மீதிக் கடலையில் நாலு கிராம் புரதம், கூடவே நல்ல கொழுப்பு. 250 மில்லி கலரில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. வேறு எதுவும் இல்லை. ஒரு நாள் முழுவதுக்கும் பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்று தின்பதில் வயிறு 'போதும்' என்று சொல்லும். குடிப்பதில் சொல்லாது. ஆகையால் பானத்தையும் தின்பண்டத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைத்ததே இந்த விதியின் முதல் பிழை என்று நினைக்கிறேன். பானத்தின் மேல் வழக்கு முழுசாக நிரூபணமாகிவிட்டது. பண்டத்தின் மேல் துண்டு துண்டாகத்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

பானம் என்றால் இந்த ஆற்றங்கரையில் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வரும். கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. யாருடைய தண்ணீர், யாருடைய கம்பெனி என்று ஊரே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த பாட்டிலுக்குள் பிள்ளைக்கு எத்தனை கிராம் என்ற கேள்வி பின்னால் நின்றுவிட்டது. வெளிநாட்டு கோலா இருந்த பெட்டியில் உள்ளூர் கலர் வந்தது. இனிப்பு மட்டும் மாறவில்லை. பத்து சதவீதம் சாறு இருந்தாலே பழபானம் என்று விற்கலாம் என்பதால், மாம்பழப் படம் போட்ட பாட்டில் இன்றும் தாய்மார்களின் நம்பிக்கையோடு பள்ளிப் பைக்குள் போகிறது.

சிபிஎஸ்இ 2025 மே மாதம் தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது எண்ணம். நல்ல காரியம். ஆனால் அது பாடம் மட்டுமே. பலகையில் படித்த கணக்கைப் பிள்ளை எழுபது தப்படி தாண்டி மறக்கும்படி ஊரை அமைத்து வைத்திருக்கிறோம்.

என் தீர்ப்பு இது. விதியின் நோக்கம் சரி. விதியாக அது இன்னும் பிறக்கவில்லை. பானத்துக்கு இன்றே எண் வைக்கலாம். சர்க்கரை சேர்த்து 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால், அது கோலாவோ பழபானமோ பன்னீர் சோடாவோ, உள்ளூரோ வெளியூரோ, பள்ளியிலும் பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஏறும் நிறுத்தத்திலும் கூடாது. தூரத்தை வாசலில் இருந்து அளப்பதை விட்டு, பிள்ளை நடக்கும் வழியில் அளக்க வேண்டும். தின்பண்டத்துக்கு 100 கிராம் கணக்கு வேண்டாம். பாக்கெட் கணக்கு வேண்டும், அதில் கடலைக்கும் பயறுக்கும் உரிய மதிப்பு வேண்டும். சிப்ஸ் அந்தக் கணக்கில் தோற்கும், கடலைமிட்டாய் சின்னத் துண்டாகத் தேறும் என்பது என் கணிப்பு. தட்டையும் முறுக்கும் எண்ணெயைப் பொறுத்து இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். அதில் எனக்கு உறுதியான முடிவு இல்லை. ஆச்சிக்கு ஆண்டுக்கு நூறு ரூபாயில் பதிவுச் சான்றும், ஒரு மூடி போட்ட பெட்டியும், கை கழுவத் தண்ணீரும் கொடுத்து வாசலிலேயே உட்கார வைக்கலாம்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2025 ஜூனில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. நாளுக்கு மூன்று முறை தண்ணீர் குடிக்கச் சொல்லி மணி அடிக்கிறது. நான் நடந்து பார்த்த நாளில், அந்த நிறுத்தத்தில் மூன்று கடைக்கு நடுவே குடிதண்ணீர்க் குழாய் ஒன்றும் இல்லை. ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது.