முழுக் கணினிக்கு யார் பொறுப்பு?

2020 ஜூலையில், உலகின் பல பகுதிகள் ஊரடங்கில் இருந்தபோது, சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணினியை உதிரி உதிரியாகப் பூட்டுகிற காணொளியை வெளியிட்டார். அதற்கு முன்பும் சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில்தான் இந்தப் பழக்கம் ஒரு சிறு வட்டத்தின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து, கணினியில் ஆர்வமுள்ள எவரும் ஒருமுறையாவது செய்துபார்த்தாக வேண்டிய காரியம் என்ற நிலைக்கு ஏறியது. இன்று தமிழ் யூடியூபிலும் இன்ன விலைக்குள் இன்ன பிசி என்று வாரந்தோறும் காணொளிகள் வருகின்றன. அவற்றில் தவறாமல் வரும் உறுதிமொழிகள் இரண்டு. ஒன்று, இது லெகோ மாதிரி. பொருந்துகிற இடத்தில்தான் பொருந்தும், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு, ஒருமுறை நீங்களே மாட்டிப் பார்த்தால் கணினி எப்படி இயங்குகிறது என்பது புரிந்துவிடும். இரண்டுமே தவறு. முதலாவது தவறு என்பதால்தான் இரண்டாவதும் தவறாகிறது. முதன்முறையாகப் பூட்டுகிறவரிடம் இவற்றைச் சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

நன்மைகளை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். பிராண்டட் டெஸ்க்டாப்புகள் பலவற்றில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தேவைக்குச் சற்றே மேலாக மட்டும் இருக்கும். மதர்போர்டும் அந்த நிறுவனத்தின் தனி அளவில் இருப்பதால் பின்னால் மாற்ற முடியாது. உதிரிகளைத் தேர்ந்து வாங்கினால் வீடியோ எடிட் செய்கிறவர் ராமிலும், விளையாடுகிறவர் கிராபிக்ஸ் கார்டிலும் பணத்தைப் போடலாம். ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். விலையும் குறைவு என்பார்கள். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை தாறுமாறாக ஏறி, மைக்ரான் நிறுவனம் தன் க்ரூசியல் சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்த பிறகு அந்த வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. எப்படியானாலும், இவை அனைத்தும் அசெம்பிள்டு கணினிக்கு உரிய நன்மைகள். அதை யார் பூட்டினார்கள் என்பதோடு இவற்றுக்குத் தொடர்பே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் உதிரிகளைத் தன் விருப்பப்படி தேர்ந்து, அங்கேயே பூட்டித் தரச் சொல்லி வாங்குகிறவருக்கும் இவை அத்தனையும் கிடைக்கின்றன. ஆகவே, அனுபவமில்லாத ஒருவர் ஸ்க்ரூ டிரைவரைத் தானே எடுப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பதுதான் எடைபோட வேண்டிய கேள்வி.

லெகோ உவமையையே எடுத்துக்கொள்வோம். லெகோ கட்டைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துவதற்குக் காரணம், எல்லாக் கட்டைகளையும் ஒரே நிறுவனம் தன் அளவுகளின்படி வார்ப்பதுதான். கணினி உதிரிகள் அப்படியல்ல. பிராசசர் ஒருவருடையது, மதர்போர்டு இன்னொருவருடையது, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனத்துடையது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் போன்ற தரநிலைகள் ஸ்க்ரூ துளையும் இணைப்பானும் ஒத்துப்போக வழிசெய்தன. வடிவம் பொருந்துவது வேறு, இயங்குவது வேறு. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 2200ஜி, 2400ஜி பிராசசர்கள், முந்தைய ஆண்டே சந்தைக்கு வந்திருந்த ஏஎம்4 மதர்போர்டுகளில் அப்படியே உட்கார்ந்தன. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. மதர்போர்டில் இருந்த பழைய பயாஸ் மென்பொருளுக்கு அந்தப் பிராசசர்களைத் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அதில் ஏற்கெனவே ஓடக்கூடிய ஒரு பிராசசர் வேண்டும். கடைசியில் ஏஎம்டியே பயாஸைப் புதுப்பிக்க மட்டும் ஒரு பிராசசரை வாடிக்கையாளர்களுக்கு இரவலாக அனுப்ப வேண்டியிருந்தது. இன்று பல மதர்போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பயாஸை ஏற்றும் பொத்தான் இருக்கிறது, உண்மைதான். அந்தப் பொத்தான் எதற்கு, எப்போது அழுத்துவது என்பதை மட்டும், வாங்கியவரே எங்கிருந்தாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் பழைய கிட் மரபின் தொடர்ச்சி என்று சிலர் பெருமையோடு சொல்கிறார்கள். 1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800, 1981இல் 49.95 பவுண்டுக்கு கிட்டாகவும் 69.95 பவுண்டுக்கு முழுக் கணினியாகவும் விற்ற சின்க்ளேர் இசட்எக்ஸ்81, இவற்றோடு இன்றைய பழக்கத்தை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். இது வரலாற்றைத் தவறாகப் படிப்பது. அந்த கிட்டுகளில் எல்லா உதிரியும் ஒரே பெட்டியில், ஒரே நிறுவனத்திடமிருந்து, ஒன்றோடொன்று ஓடும் என்று சோதித்த வடிவமைப்பின்படி வந்தன. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் இதில் முன்னணியில் இருந்தது. ஒவ்வொரு படியையும் முடித்ததும் டிக் செய்யக் கட்டம் போட்ட கையேடு தந்தது. பூட்டி முடித்தும் ஓடவில்லை என்றால் அந்த நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிசெய்து வாங்கலாம். பற்றவைப்பதில் தவறு செய்கிறவர்தான் வாடிக்கையாளர் என்று தெரிந்தே அது தொழில் செய்தது. 1992இல் ஹீத்கிட் அந்த வணிகத்தை நிறுத்தியது. இன்று பத்துப் பெட்டிகள் வருகின்றன, பத்துக் கையேடுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் உதிரியைப் பற்றி மட்டும் பேசுகிறது. அவை சேர்ந்து ஒரு கணினியாகும் என்று எந்த நிறுவனமும் எங்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

முதல் முறை பவர் பட்டனை அழுத்தும் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட கணினி முதன்முறை உயிர்பெறும்போது, மதர்போர்டு நினைவகத்தின் ஒவ்வொரு தடத்தையும் சோதித்து, சரியான நேர அளவுகளைத் தேடிப் பிடிக்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ஒன்றும் பழுதில்லை, ஆனால் இதை யாரும் சொல்லியிராத புதியவர் ஒரு நிமிடம் பார்ப்பார், பிறகு பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்துவார். ராமைக் கழற்றி மாட்டுவார். அதுவும் பலிக்காவிட்டால் கூலரைத் தூக்குவார், தெர்மல் பேஸ்ட்டைத் துடைப்பார், பிராசசரையும் எடுத்துப் பார்ப்பார். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 மெல்லிய முனைகள் மதர்போர்டு பக்கம் இருக்கின்றன. பிராசசரின் ஒரு மூலை கை தவறி அங்கே இடித்தால் போதும், சில முனைகள் வளைந்துவிடும். வளைந்த முனை பயனரால் ஏற்பட்ட சேதம், வாரண்டி கிடையாது. ஆக, நல்லபடியாக இருந்த ஒரு கணினி, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாத காரணத்தாலேயே பழுதாகிவிடுகிறது.

தவறிலிருந்துதானே கற்றுக்கொள்ள முடியும் என்று இங்கே ஒரு பதில் வரும். இந்தப் பழக்கத்தின் ஆதரவாளர்கள் பெரிதும் நம்பும் பதில் அதுதான், ஆகவே அதற்கு முழுமையாக விடை சொல்ல வேண்டும். டிஸ்ப்ளே வராத கணினியோடு ஒருவர் கடைக்குப் போனால் அங்கே நடப்பது என்ன? சர்வீஸ் செய்கிறவர் ஓடுகிறது என்று தெரிந்த வேறொரு ராமை மாட்டுகிறார். பிறகு வேறொரு எஸ்எம்பிஎஸ். பிறகு வேறொரு கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து குற்றவாளியைப் பிடிக்கிறார். அவருடைய அறிவு பாதி அனுபவத்தில் இருக்கிறது, மீதிப் பாதி அவர் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பூட்டுகிறவரிடம் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் உண்டு. மாற்றிப் பார்க்க எதுவுமில்லாதவருக்குத் தவறு எதையும் கற்றுத்தருவதில்லை, சந்தேகத்தை மட்டும் தருகிறது. சரி, முதல் அழுத்தலிலேயே திரை வந்துவிட்டவர் என்ன கற்றார்? எந்த ஒயர் எந்த இடத்துக்கு என்று கற்றார். இரண்டு ராம்களை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்வது ஏன் என்று அவரைக் கேட்டால், கையேட்டில் அப்படிப் போட்டிருக்கிறது என்பார். உதிரிகளைத் தேர்ந்தெடுக்கக் கற்றது ஒரு நுகர்வோரின் திறமை. அது பயனுள்ளது, ஆனால் கணினியைப் புரிந்துகொண்டதாக ஆகாது. கணினியை உள்ளிருந்து கட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு கணினி அறிவியல் பேராசிரியர்கள் நிசான், ஷாக்கன் இருவரும் வகுத்த நேண்ட்2டெட்ரிஸ் பாடம் இருக்கிறது. ஒரே ஒரு லாஜிக் கேட்டில் தொடங்கி இயங்குதளம் வரை கொண்டுபோகும். எந்த உதிரியும் வாங்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய கேடு, பழி யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைப் பிராசசர்கள் பலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருந்தது. அவை போட்ட கணினிகளில் சில விளையாட்டுகள் திடீரென்று நின்று, வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தியைக் காட்டின. பழுது பிராசசரில், குற்றம் சுமத்தப்பட்டது கிராபிக்ஸ் கார்டு. அந்தச் செய்தியை நம்பி டிரைவரை மாற்றி, கார்டை மாற்றி அலைந்தால் எந்தப் பயனும் இருந்திருக்காது. பிறகு மதர்போர்டு நிறுவனங்கள் வைத்திருந்த மின் அமைப்புகள் மீது பழி திரும்பியது. 2024 ஜூலையில்தான் இன்டெல் தன் மைக்ரோகோடு தவறான மின்னழுத்தத்தைக் கேட்டதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுகளின் புதிய பதினாறு முனை மின் இணைப்பான் சிலரிடம் உருகியபோது, அவர்கள் அதை முழுதாக அழுத்தி மாட்டாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றது அந்த நிறுவனம். அடுத்த ஆண்டே, முழுதாக மாட்டாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காதபடி அந்த இணைப்பானைத் திருத்தி அமைத்தார்கள். சரியாக மாட்டாதவர்தான் குற்றவாளி என்றால், எதற்காகத் திருத்த வேண்டும்? ராமிலும் இதே கதைதான். பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டு விற்கிறார்கள். போட்டவுடன் அது அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடும். பயாஸில் எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் 6000 வரும். இயக்கினால் அது ஓவர்கிளாக்கிங், அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று ஏஎம்டி தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. அச்சிட்ட வேகத்தில் ஓட்டினாலே பொறுப்பு வாங்கியவருக்குப் போய்விடுகிறது.

பிராண்டட் கணினியிலும் இதே பிராசசர்தானே, இதே கார்டுதானே என்று கேட்கலாம். ஆம், அவையும் பழுதாகும். ஆனால் அதை வாங்கியவர் பழுது எதில் என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை; ஓடவில்லை என்று ஓர் இடத்தில் சொன்னால் போதும். கடையில் பூட்டி வாங்கியவரும் கேபினெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடையின் மேசையில் வைக்கலாம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கான பொறுப்பைப் பேசும்போது, பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறவரையும் உற்பத்தியாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. இது மிகச் சரியான பார்வை. பூட்டுவது ஒரு வேலை, அந்த வேலைக்குப் பொறுப்பு உண்டு என்பதைச் சட்டம் ஏற்றிருக்கிறது. தானே பூட்டிக்கொள்கிறவர் ஒவ்வோர் உதிரிக்கும் அதன் நிறுவனத்தைக் கேட்கலாம். முழுக் கணினிக்கு அவரே உற்பத்தியாளர், அவரே நுகர்வோர். கடைக்காரர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்கும் பொறுப்பைக் கணினியை முதன்முறை திறந்து பார்க்கிறவர் சும்மா ஏற்கும்படி உற்சாகப்படுத்துவதில் எந்தத் துணிச்சலையும் நான் காணவில்லை. அதில் லாபம் உதிரி விற்கும் நிறுவனங்களுக்குத்தான்.

எல்லாக் கடைகளும் நேர்மையானவை என்று சொல்ல வரவில்லை. பில் இல்லாமல் விற்பவர்களும், சொன்ன உதிரிக்குப் பதில் மலிவானதைப் போடுகிறவர்களும் உண்டு. அதற்குத் தீர்வு, பக்கத்தில் நின்று பார்த்து வாங்குவது. அப்படி நின்று பார்ப்பதே நல்ல பாடமும்கூட. தெரிந்த கை ஒன்று கூலரின் ஸ்க்ரூக்களை எந்த வரிசையில் இறுக்குகிறது என்பதைக் காணொளியைவிட நேரில் நன்றாகப் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். கைப்பழக்கம் வேண்டுமென்றால் இரண்டாம் கையாக வரும் அலுவலக டெஸ்க்டாப் ஒன்றில் தொடங்கலாம். ஏற்கெனவே ஓடுகிற கணினியில் ராமைக் கூட்டுவதும் எஸ்எஸ்டி போடுவதும் உண்மையிலேயே கற்றுத்தரும். அங்கே ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று தெரியும், பழையதைத் திரும்ப மாட்டினால் ஓடும்.

முதல் கணினிக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் உதிரிகளைத் தாராளமாக நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் அவற்றை ஒரே கடையில் வாங்குங்கள், அங்கேயே பூட்டச் சொல்லி, டிஸ்ப்ளே வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஒவ்வோர் உதிரியின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும்; பூட்டிக் கொடுத்தது இந்தக் கடைதான் என்று அதே பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.