எழுத்தைக் களைந்த விளம்பரம்

விளம்பரத்தில் நம் கண் போவது முகத்துக்கு. அந்த முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தருவது பக்கத்திலுள்ள எழுத்து. அமெரிக்கக் கலைஞர் ஹாங்க் வில்லிஸ் தாமஸ் அந்த எழுத்தைத்தான் பிடுங்கிவிடுகிறார்.

1976-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். தாய் டெபோரா வில்லிஸ், கறுப்பினப் புகைப்பட வரலாற்றை எழுதிய அறிஞர். பழைய படங்களைத் துருவும் பழக்கம் வீட்டுச் சொத்து.

‘அன்பிராண்டட்’ வரிசைக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968 முதல் ஒபாமா வென்ற 2008 வரை. கறுப்பினத்தவரைக் காட்டிய, அல்லது அவர்களுக்கு விற்கப் பார்த்த விளம்பரங்கள், ஆண்டுக்கு இரண்டு. கம்பெனிப் பெயர், சின்னம், வாசகம் எல்லாவற்றையும் கணினியில் அழித்தார். மிஞ்சிய படத்தில் ஒருவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். சிகரெட்டுக்கா, காருக்கா? தெரியாது. அது தெரியாமல் போனதும் யார் நிற்கிறார், யார் பணிகிறார், யாருடைய உடல் கடைவிரிக்கப்படுகிறது என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கிறது. குறும்புக்காரர்தான், ஆனால் கையில் அழிப்பான் மட்டுமே வைத்திருக்கும் குறும்பு.

சேர்த்து வரைவதிலும் கெட்டிக்காரர். ‘அப்சொலூட் பவர்’ படத்தில் புகழ்பெற்ற வோட்கா பாட்டிலின் வடிவம். கிட்டப்போனால் உள்ளே மனித உடல்கள், நெருக்கியடித்து அடுக்கியபடி. 18-ஆம் நூற்றாண்டில் அடிமைமுறை ஒழிப்பாளர்கள் அச்சிட்டுப் பரப்பிய ‘புரூக்ஸ்’ அடிமைக் கப்பலின் வரைபடம் அது. இன்னொரு படத்தில் மழித்த தலையொன்றில் நைக்கி சின்னம் தழும்பாகப் புடைத்திருக்கிறது. அடிமைகளுக்கு எசமானர்கள் போட்ட சூட்டை இதைவிடச் சுருக்கமாக நினைவூட்ட முடியாது.

என்னை அதிகம் உலுக்கியது ‘பிரைஸ்லெஸ்’. 2000-ல் ஃபிலடெல்ஃபியாவில் தங்கச் சங்கிலிக் கொள்ளை ஒன்றில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் சுட்டுக்கொல்லப்பட்டார். இறுதிச் சடங்கில் குடும்பத்தார் கூடியிருக்கும் படத்தின்மேல், கடன் அட்டை விளம்பரப் பாணியில் ஒரு விலைப்பட்டியல்: கோட்டு சூட்டு, காலுறை, துப்பாக்கி, சங்கிலி, தோட்டா. இருப்பதில் மலிவு தோட்டாதான். மகனுக்குச் சவப்பெட்டி தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் விலையில்லையாம். நிறமும் காசும் ஒரே ரசீதில் வந்துவிடுகின்றன.

2023-ல் பாஸ்டனில் திறக்கப்பட்ட ‘தி எம்பிரேஸ்’ வெண்கலச் சிற்பம், கிங் தம்பதியின் அணைப்பிலிருந்து கைகளை மட்டும் பிரித்தெடுத்தது. புகழும் கேலியும் சரிசமமாக வந்தன. என் கணக்கில், அந்தப் பிரம்மாண்ட வெண்கலத்தைவிட அச்சுத் தாளில் அவர் அழித்த எழுத்துகளே மேலான கலை.