மோட்டார் ரூமில் ஒரு பெட்டி

பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் பலவற்றில் ஸ்டார்ட்டருக்கு அருகே ஒரு சிறு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தால் அதுவே தோட்டக்காரருக்குப் போன் போடும். படுத்தபடியே ஓர் எண்ணை அழுத்தினால் வாய்க்காலில் தண்ணீர் பாயும்.

அந்த எண் போய்ச் சேரும் விதம்தான் எனக்கு அத்தனை பிடிக்கும். 1-ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்தே எழும். 5-க்கு 770, 1336. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி ஜோடி. பேச்சில் அப்படியொரு ஜோடி சுத்தமாக அமைவது அரிது, ஆகவே யாரோ பேசுவதைக் கேட்டுப் பெட்டி எளிதில் ஏமாறாது. ஜோடியைப் பிரித்தறிந்ததும் ரிலே தட்டும். அதற்கு முன் மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஒன்று போனாலும் மோட்டாரின் காயில் கருகிவிடுமே! கிணறு வற்றி ஆம்பியர் இறங்கினால் தானே நிறுத்திவிடும்.

கோவைப் பட்டறைகளின் பம்புகளுக்கு நாடெங்கும் பேர் உண்டு. ஆனால் டார்ச்சோடு, பாம்புக்குப் பயந்து இருட்டில் வரப்பேறும் நடையை மிச்சமாக்கியது இந்தப் பெட்டிதான். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதையும் பலர் இப்போது அதனிடமே விட்டுவிடுகிறார்கள்.