பெஞ்சு தெரிகிறது, கணக்கு?

பாண்டி பஜார் நடைபாதையை 2019 நவம்பரில் திறந்தார்கள். அகலமான பாதை, உட்கார பெஞ்சு. அழகுதான், யார் இல்லையென்றது? பத்திரிகைகளும் போட்டி போட்டு வண்ணப்படம் போட்டன.

2021 நவம்பர் மழையில் தி.நகர் மிதந்தபோதுதான் எல்லோருக்கும் ஸ்மார்ட் சிட்டி பணம் ஞாபகம் வந்தது. 2022-ல் டேவிதார் தலைமையில் விசாரணைக் கமிஷனும் போட்டார்கள்.

முன்னாடியே கேட்டிருக்க வேண்டியவர் யார்? கவுன்சிலரா? 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது! மிச்சமிருந்தது உள்ளூர் நிருபர்தான்.

அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. காலையில் பிரஸ் மீட், மதியம் விபத்து, சாயங்காலம் மழை. செல்போனில் வீடியோ எடுக்கப் பயிற்சி தருகிறார்கள். டெண்டர் படிக்க யார் சொல்லித் தருகிறார்கள்?

இத்தனைக்கும் ஸ்மார்ட் சிட்டி வேலைகளை நடத்தியது ஊருக்கொரு கம்பெனி. மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சரிபாதிப் பங்கு. கம்பெனி என்றால் பேலன்ஸ் ஷீட் உண்டு. பி.காம். படித்தவன் சொல்கிறேன், அதைப் படிக்க மேதாவியாக இருக்க வேண்டாம். பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இருந்தால் ஒரு மாதம் போதும்.

2015-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. வேறு பெயரில் இன்னொன்று வராமலா போகும்? அதற்குள் உங்கள் நிருபரைக் கணக்குப் படிக்க அனுப்புங்கள், ஆசிரியர்களே. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபிறகு தி.நகர்க்காரர் கேட்ட கேள்வியை, அவர் டெண்டர் அன்றைக்கே கேட்டுவிடுவார்.