முதற் பக்கம் அறபு என்பதால்...

பழைய நூல்களைத் தேடியலையும் மர்ம நாவல்களை விரும்பிப் படிப்பவன் நான். ஆர் கொலைகாரன் எண்டு அறியும் அவசரம் எனக்கில்லை. அந்தப் புத்தகம் எங்கே போனது, கடைசியில் அதை ஆர் வாசிக்கப் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

இவ்வகை நாவல்களில் பெயர்பெற்றது உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ (1980). 1327இல், இத்தாலிய மடாலயம் ஒன்றில் துறவிகள் ஒருவர்பின் ஒருவராக மரணிக்கிறார்கள். காரணம், நகைச்சுவை பற்றி அரிஸ்டோட்டில் எழுதியதாகச் சொல்லப்படும் நூல். அதன் தாள்களில் நஞ்சு தடவப்பட்டிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த இடம் கொலையல்ல. துப்பறிய வந்த வில்லியம், தேடிய நூலைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்தே தவறவிடுகிறார். முன்பகுதி அறபு; ஆகவே ‘இது வேறு புத்தகம்’ எண்டு ஒதுக்குகிறார். பல நூல்களை ஒன்றாகக் கட்டும் வழக்கம் பிறகுதான் ஞாபகம் வருகிறது.

நம் அறபுத்தமிழ்க் கிதாபுகளுக்கு நேரக்கூடிய கதியும் இதுதான். தமிழ் ஆய்வாளர் எழுத்தைப் பார்த்து அறபு எண்டு வைத்துவிடுவார். அறபு மட்டும் தெரிந்தவருக்கு எழுத்து விளங்கும், பொருள் விளங்காது. இரண்டு பேருக்கும் நடுவே நூல் காணாமற் போகும்.

இதற்கு மாறான உண்மைக் கதை எங்கள் தீவகத்திலேயே இருக்கிறது. ஊர்காவற்றுறை, கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தமிழைத் தேடித் திரிந்தவர். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’வின் முக்கியத்துவத்தைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முதன்மையானவர். அது உரோம எழுத்தில் உள்ள தமிழ். எழுத்து வேறாயினும் மொழி நம்முடையது எண்டு கண்டுகொண்ட கண் அது. வத்திக்கானில் அவர் கண்ட, 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். கண்டெடுத்ததைப் பூட்டி வைக்கவில்லை.

எக்கோவோடு எனக்குள்ள பிணக்கும் இங்கேதான். அவர் நாவல் நூலகம் எரிவதோடு முடிகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான மண்ணில், நெருப்பை அழகான முடிவாக ரசிக்க ஏலாது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களுக்கு உடுதுணியை எடுக்கவே நேரமில்லை. கிதாபுகளை ஆர் நினைத்தார்கள்?

எஞ்சியவை புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ ஏதாவதொரு வீட்டு அலுமாரியில் துணியில் சுற்றிக் கிடக்கலாம். பழைய கட்டொன்று கையில் கிடைத்தால், முதற் பக்கத்தைப் பார்த்து மூடிவிடாதீர்கள். உள்ளே எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். உம்மாமார் ஓதிய தமிழ் கேட்கக்கூடும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து நாலு பேருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அந்த முடிவுதான் எக்கோ எழுதாதது.