நிபந்தனை எங்கே எழுதப்பட்டது?

ஓர் அரசியல்வாதி போருக்கு அதிகாரம் வழங்கி அளித்த பழைய வாக்கை எடைபோடும்போது, அன்று அவர் நாவால் உரைத்ததைக் கொள்வதா, அன்று அவர் ஒப்பிய ஏட்டைக் கொள்வதா? ஹில்லரி கிளிண்டன் அம்மையார் 2002-இல் இராக் தீர்மானத்திற்கு அளித்த வாக்கைப் பற்றி, 2008-ஆம் ஆண்டின் வேட்பாளர் தேர்விலும் 2016-ஆம் ஆண்டின் தேர்தலிலும் நெடிய வாதங்கள் நிகழ்ந்தன. அவற்றில் வெப்பம் மிகுதியாக இருந்தது; ஏட்டைப் புரட்டிப் பார்த்தோர் குறைவாகவே இருந்தனர் என்பது நம் கருத்து.

நிகழ்ந்தது இதுவாகும்: 2002 அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்ற கணக்கிலும், மறுநாள் செனட் சபை 77-க்கு 23 என்ற கணக்கிலும் அத்தீர்மானத்தை நிறைவேற்றின. செனட்டின் ஜனநாயகக் கட்சியினர் ஐம்பதின்மரில் 29 பேர் ஆதரித்தனர். 21 பேர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர் லிங்கன் சாஃபி ஒருவரே. ஆதரித்த 77 பேரில் அம்மையாரும் ஒருவர்.

அவருடைய ஆதரவாளர் கூறுவது யாது? வாக்களிக்குமுன் அவர் ஆற்றிய உரையில், இது போருக்கு விரைவதற்கான வாக்கன்று என்றும், ஐக்கிய நாடுகள் சபையின் வழியே முயல்வதாகக் குடியரசுத் தலைவர் புஷ் கூறியதை நம்பியே வாக்களிப்பதாகவும் தெளிவுறுத்தினார் என்பதாம். அவர் அவ்வாறு உரைத்தது உண்மை. அதை மறைப்போர் நடுநிலையாளர் ஆகார்.

ஆயினும், அரபி இலக்கணம் பயின்றோர் 'ஷர்த்' என்றும் 'ஜவாப்' என்றும் இரு கூறுகளை அறிவர். 'நீ வந்தால் நான் தருவேன்' என்பதில் 'நீ வந்தால்' என்பது ஷர்த். 'நான் தருவேன்' என்பது அதன் ஜவாப். ஷர்த்தை வாயால் மட்டும் சொல்லி, 'நான் தருவேன்' என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தால், எழுதியவரைக் கட்டுப்படுத்துவது எது? ஏட்டில் உள்ளதுதானே!

அம்மையாரின் நிபந்தனை உரையில் இருந்தது, சட்டத்தில் இல்லை. படையை எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதைச் சட்டம் குடியரசுத் தலைவரின் தீர்ப்புக்கே விட்டது. சமாதான வழிகள் போதா எனத் தாம் முடிவு செய்ததை, படை எடுக்குமுன்னரோ, எடுத்த 48 மணி நேரத்திற்குள்ளோ அவர் அவைகளுக்கு அறிவித்தால் போதும். பாதுகாப்புச் சபையின் புதிய அனுமதி வேண்டும் என்ற வரி அதில் இல்லை.

அவ்வரியைச் சேர்க்க வாய்ப்பே இல்லையா? இருந்தது. மிச்சிகன் மாநிலத்துச் செனட்டர் கார்ல் லெவின், நாட்டின் தற்காப்புரிமையை ஏற்றுக்கொண்டே, ஐ.நா.வின் புதிய தீர்மானத்தோடு படை அதிகாரத்தைப் பிணைக்கும் திருத்தம் ஒன்றைக் கொணர்ந்தார். அது 24-க்கு 75 என்று தோற்றது. அம்மையாரின் வாக்கு அத்திருத்தத்திற்கு எதிராகவே விழுந்தது. அமெரிக்காவின் முடிவை அது ஐ.நா.வுக்கு அடிமைப்படுத்தும் என்பது பின்னாளில் அவர் கூறிய காரணம். காரணம் எதுவாயினும், தம் உரையின் உயிர்நிலை ஏட்டில் ஏறும் தருணத்தில் அவர் கை உயரவில்லை. வாதிடுவோர் பலரும் தொடாமல் விட்ட இடம் இதுவே.

'அவர் ஏமாற்றப்பட்டார்' என்பாரும் உளர். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் 88-க்கு 2 என நிறைவேறி, வியட்நாம் போருக்கு வாயில் திறந்தது. அன்று ஆதரித்து வாக்களித்த ராபர்ட் பைர்டு, 2002-இல் அதே அவையில் எழுந்து, அந்த வாக்குக்காக வருந்துவதைக் கூறி எச்சரித்தார். எச்சரிக்கை கேட்ட பின்னும் நம்பியவரை ஏமாற்றப்பட்டவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட இயலுமா?

எதிர்த்தரப்பையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். பராக் ஒபாமா 2002 அக்டோபர் 2-ஆம் நாள் சிக்காகோவில் அப்போரைக் கண்டித்துப் பேசினார், அது பாராட்டத்தக்கதே. ஆனால் அவர் அப்போது இல்லினாய் மாநில அவையின் உறுப்பினர். தேசியச் செனட்டில் அவருக்கு வாக்கு இல்லை. அதே ஒபாமா 2011-இல், குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவைகளின் ஒப்புதலைப் பெறாமலேயே லிபியா மீது படை ஏவினார். நல்ல உரை ஒன்று பிற்காலச் செயலுக்குப் பிணை ஆகாது.

2003 மார்ச்சில் போர் மூண்டது. இருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் கிட்டவில்லை என்று, அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-இல் அறிக்கை தந்தது. பஸராவும் கூஃபாவும் நமக்கு இலக்கணப் பள்ளிகளின் பெயரால் அறிமுகமான ஊர்கள். அந்நாட்டில் இலட்சத்திற்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். அமெரிக்கப் படையினரும் 4,400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2014-இல் வெளியான தம் நூலில், அவ்வாக்குத் தவறு என்று அம்மையார் ஒப்புக்கொண்டார். ஒப்புதலை ஏற்பது பண்பாகும். எனினும், தவறியது ஒருவரை நம்பியதில் மட்டுமன்று. நம்பிக்கையை எழுத்துக்குப் பதிலாக வைத்ததில் என்பதை நாம் மறத்தல் ஆகாது. போருக்கு அதிகாரம் கொடுத்த எவரை விசாரிக்கும்போதும், 'என்ன சொன்னீர்?' என்பதற்கு முன்பாக, 'உம் நிபந்தனையை எங்கே எழுதினீர்?' என்று கேட்பதே முறையாகும்.